ஓடைக்கரை அரிப்பைத் தடுக்க ஊராட்சி எந்த நிதியைக் கேட்கலாம்?

கரைமேட்டான் (ஜூலை 2025):
கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரை வட்டத்தில் உள்ள சிற்றூர் எங்களுடையது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஊரை ஒட்டிய ஓடையின் கரை ஏறத்தாழ 80 மீட்டர் நீளத்துக்குச் சரிந்து, சுடுகாட்டுப் பாதையையும் ஒரு தென்னந்தோப்பின் ஓரத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. கான்கிரீட் தடுப்புச் சுவர் வேண்டும் என்பது ஊராரின் விருப்பம். ஆனால், கரை அரிப்பு என்ற பெயரில் ஊராட்சிக்கு நிதியே வருவதில்லை என்கிறார்கள். மனுவை எந்தத் திட்டத்தின்கீழ் எழுதுவது?

பழைய ஓவர்சீயர்:
அந்தப் பெயரில் வருவதில்லை என்பது உண்மைதான். ஆனால் மண்வளப் பாதுகாப்பும் நீர்வடிப்பகுதி மேம்பாடும் அரசியலமைப்பின் பதினோராவது அட்டவணையில் ஊராட்சிகளுக்குரிய 29 பொருள்களுக்குள் அடங்குபவை என்பதால், வேலையை அந்தப் பெயரில் எழுதினால் வழி திறக்கும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கரையைச் சரிவாக வெட்டுவது, மண் அணைப்பது, வெட்டிவேரும் நாணலும் நடுவது ஆகியவற்றைக் கேளுங்கள். அதில் பொருள் செலவு மாவட்ட அளவில் 40 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; ஒப்பந்ததாரருக்கும் இடமில்லை. ஆகவே முழுச் சுவரை அதில் நுழைக்கப் பார்த்தால் மதிப்பீடு திரும்பி வந்துவிடும்.

கல் வேலைக்குப் பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில், இன்ன வேலைக்கு என்று ஒதுக்கப்படாத, கட்டுப்பாடற்ற 40 விழுக்காடு பொருந்தும். இங்கேதான் ஒரு முடிச்சு இருக்கிறது. உங்கள் மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்பில் இருக்கின்றன. அந்த மானியமோ தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளுக்கு உரியது. எனவே அதை மட்டும் நம்பியிருக்காமல், சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதிக்கும் மனு கொடுத்து வையுங்கள்.

சுவரைப் பற்றியும் ஒரு சொல். ஓடை வளையும் இடத்தில் வெள்ளம் முதலில் கரையின் அடியைத்தான் தின்னும். அடித்தளம் அந்த அரிப்பு ஆழத்துக்குக் கீழே இறங்காத சுவர், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அப்படியே முன்னால் சாயும். நான் பணியில் இருந்தபோது போட்ட ஒரு சுவரே மூன்றாம் மழையில் அப்படித்தான் சாய்ந்தது. கம்பிவலைக் கூண்டில் அடுக்கிய கருங்கல், தரை இறங்கும்போது தானும் சேர்ந்து இறங்கி அமரும்; செலவும் குறைவு. எதற்கும் முன்னால், கிராம நிர்வாக அலுவலரிடம் நில அளவை வரைபடமான புலப்படத்தை வாங்கி ஓடையின் அகலத்தை அளந்து பாருங்கள். எதிர்க்கரையில் ஓடைப் புறம்போக்கைச் சேர்த்து உழுதிருந்தால், நீர் உங்கள் பக்கம் திரும்பியதற்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம்; அந்த ஆக்கிரமிப்பை அகற்றாமல் இங்கே எத்தனை லட்சம் கொட்டினாலும் நிற்காது.

கல்குவாரிக்காரன் மகன்:
கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரிகளுக்குக் குறைவில்லை. குவாரிகள் செலுத்தும் தொகையிலிருந்து நடக்கும் மாவட்ட கனிம அறக்கட்டளை நிதியில் நீர்வடிப்பகுதி வேலைகளுக்கு இடமுண்டு. உங்கள் ஊர் குவாரிகளால் பாதிக்கப்பட்ட பகுதிப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேளுங்கள்.

கரைமேட்டான்:
மிக்க நன்றி, ஐயா. எதிர்க்கரையில் உழுதிருப்பது உண்மைதான். ஊருக்குள் யாரும் வாய்திறப்பதில்லை. தோப்புக்காரருக்கு இழப்பீடு ஏதும் உண்டா?

பழைய ஓவர்சீயர்:
ஆறு தடம் மாறி நிலத்தின் பெரும்பகுதி போயிருந்தால், பேரிடர் நிவாரண விதிமுறைப்படி சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். ஓரம் மட்டும் போனதற்குக் கிடைப்பது கடினம். ஓடையை அளக்கும் கோரிக்கையைத் தனி ஆள் பெயரில் கொடுக்காமல், ஆகஸ்ட் 15 கிராம சபையில் வேலைக்கான தீர்மானத்தோடு சேர்த்தே நிறைவேற்றிவிடுங்கள். அப்போது யாரும் ஒருவரை மட்டும் பகைத்துக்கொள்ள வேண்டியிராது.