ரசவாதம் எண்டா உண்மையா பொன் செய்யிற வேலையா, இல்லாட்டி மனசைப் பற்றின கதையா?

பட்டறைவீட்டுப் பிள்ளை:
எல்லாருக்கும் வணக்கம், நான் திருகோணமலை டவுன். எங்கட அப்பா நாப்பது வருஷம் நகைப்பட்டறை வச்சிருந்தவர், இப்ப கண் பார்வை குறைஞ்சு வேலையை விட்டிட்டார். நான் சின்னப்பிள்ளையா பக்கத்தில குந்தியிருக்கேக்க ஊதுகுழலை வச்சிட்டு மூச்சு வாங்கிற நேரத்தில "அளகேசன் நிகராக அம்பொன்மிக வைத்தபேரும் நேசித்து ரசவாத வித்தைக்கு அலைந்திடுவர்" எண்டு, குபேரன் மாதிரிப் பொன் வச்சிருக்கிற ஆக்களும் ரசவாதத்துக்கு அலைவினம் எண்ட தாயுமானவர் பாட்டை முணுமுணுப்பார். போன கிழமை யூடியூப்பில ஒரு வீடியோ பாத்தன், ரசவாதிகள் ஒருத்தரும் உண்மையில பொன் செய்ய வெளிக்கிடேல்ல, ஈயம் எண்டா அறியாமை, பொன் எண்டா ஞானம், எல்லாமே வெறும் குறியீடு எண்டு சொல்லிச்சினம். அப்பாட்ட சொன்னன். "அப்ப ஏன் பிள்ளை அவ்வளவு பேரும் அடுப்புக்கு முன்னால இருந்து கண்ணைக் கெடுத்தவை?" எண்டு கேட்டார், எனக்குப் பதில் வரேல்ல. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ, அப்பாக்கு வாசிச்சுக் காட்டவேணும்.

நிலாவெளிக் காத்து:
அப்பா கேட்டது சரியான கேள்வி தங்கச்சி. நான் கோணேசபுரி வளாகத்தில சித்த மருத்துவம் படிச்சனான், எனக்கு இந்த விஷயம் கல்வத்தில அரைக்கிற இடத்திலதான் விளங்கினது. பாதரசம் வெள்ளி மாதிரி ஓடித்திரியும், கந்தகம் மஞ்சள், ரெண்டையும் சேர்த்து அரைக்க அரைக்க ரெண்டின்ர நிறமும் செத்து மை மாதிரிக் கறுப்பாகும். அந்தக் கறுப்பை குப்பியில போட்டு முறைப்படி எரிச்சா அது ஆவியா மேல எழும்பி குப்பிக் கழுத்தில சிவப்பாப் படியும், அதுதான் ரசசெந்தூரம். மண்ணுக்குள்ள கிடக்கிற சாதிலிங்கமும் அதே சேர்மானம்தான், அந்தச் சிவப்புக் கல்லை எரிச்சா திரும்பவும் வெள்ளியா ரசம் சொட்டும்.

இப்ப ஐரோப்பாக்காரர் எழுதினதைப் பாருங்கோ, அவையும் வேலை முதலில கறுக்கும், பிறகு வெளுக்கும், கடைசியில சிவக்கும் எண்டுதான் சொல்லுகினம். கறுப்பு சாவு, வெள்ளை கழுவி எடுத்தது, சிவப்பு திரும்பப் பிறந்தது. எங்கட ஆக்கள் ரசத்தைச் சிவன் எண்டும் கந்தகத்தைச் சக்தி எண்டும் வச்சினம், அங்க ராசாவும் ராணியும் கலியாணம் முடிச்சு சேர்ந்து செத்து எழும்பினமாம். இதெல்லாம் சும்மா இருந்து யோசிச்சு வந்த குறியீடு எண்டு எனக்குப் படேல்ல, குப்பிக்கு முன்னால இருந்து நிறம் சாகிறதையும் எழும்பிறதையும் கண்ணால கண்டவைக்குத்தான் இப்பிடி ஒரு கதை வரும்.

ஒண்டு கட்டாயம் சொல்லவேணும், ஒருத்தரும் இதை வீட்டில செய்து பாக்காதையுங்கோ. ரசத்தின்ர ஆவி நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுத்திடும்.

கன்னியா வெந்நீர்:
பிள்ளை, அந்த வீடியோக்காரர் சொல்லுறது பழைய கருத்தே இல்லை. ரசவாதம் முழுக்க ஆன்மீகம் எண்டு 1850இல மேரி ஆன் அட்வூட் எண்ட அம்மா இங்கிலாந்தில புத்தகம் எழுதினவ, பிறகு யுங் எண்ட சுவிஸ் உளவியல்காரர் 1944இல உளவியலும் ரசவாதமும் பற்றின தன்ர நூலை வெளியிட்டார். யுங்கும் அவை அடுப்பு மூட்டேல்ல எண்டு சொல்லேல்ல, தங்கட மனசுக்குள்ள நடக்கிறதை தெரியாமலே குப்பிக்குள்ள கண்டவை எண்டதுதான் அவற்ற வாதம்.

பழைய ஆக்களைப் பாத்தா ரெண்டும் ஒண்டாத்தான் கிடக்கு. கி.பி. 300 அளவில எகிப்தில இருந்த சோசிமோஸ் எண்டவர் காய்ச்சி வடிக்கிற பாத்திரம் எப்பிடிச் செய்யிறது எண்டு விபரமா எழுதினவர், அதே கையாலதான் பலிபீடக் கிண்ணத்துக்குள்ள ஆக்கள் வெந்து ஆவியா மாறுற மாதிரித் தான் கண்ட கனவையும் எழுதி வச்சவர். பிறகு அரபு நாடுகளில ஜாபிர் இப்னு ஹய்யான்ர பேரில வந்த நூல்கள், எல்லா உலோகமும் ரசமும் கந்தகமும் சேர்ந்து உண்டாகிறது எண்டு சொல்லிச்சு, எங்கட சித்தர் பாட்டிலையும் அந்த ரெண்டும்தானே! ரசவாதத்துக்கு கீமியா எண்ட பேரும் அரபு வழியாத்தான் ஐரோப்பாக்குப் போனது.

அப்பாட்ட நியூட்டனைப் பற்றியும் சொல்லுங்கோ. அவர் ரசவாதத்தைப் பற்றி கிட்டத்தட்ட பத்து லட்சம் சொல் கையால எழுதி வச்சிருந்தவர், கன காலம் ஒருத்தரும் கவனிக்கேல்ல, 1936இல லண்டனில ஏலத்துக்கு வந்த பிறகுதான் வெளியில தெரிய வந்தது. 1669இல ஹாம்பேர்க்கில ஹென்னிக் பிராண்ட் பொன் தேடி மூத்திரத்தைக் காய்ச்சிக் காய்ச்சி இருட்டில மினுங்கிற பொஸ்பரஸைக் கண்டு பிடிச்சவர். உண்மையா அடுப்பில நிண்டிராட்டி இது வந்திருக்குமே?

கோயிலடி:
தாயுமானவர் பாட்டு வந்த படியால நானும் எழுதிறன். அவரே இன்னொரு இடத்தில "வெந்தழலின் இரதம்வைத்து ஐந்துலோகத்தையும் வேதித்து விற்றுண்ணலாம்" எண்டு பாடுறார், தீயில ரசத்தை வச்சு உலோகத்தைப் பொன்னாக்கி வித்துச் சாப்பிடலாம், தண்ணிக்கு மேல நடக்கலாம், ஆனா சிந்தையை அடக்கிச் சும்மா இருக்கிறதுதான் அரிது எண்டு முடிப்பார். ரசவாதம் பொய் எண்டு அவர் சொல்லேல்ல, அதைவிடப் பெரிய வேலை ஒண்டு கிடக்கு எண்டுறார். திருமூலரும் அப்பிடித்தான், பரிசனவேதி எண்ட ரசவாதப் பொருள் பட்டதெல்லாம் பொன்னாகிற மாதிரி குரு தொட்டதெல்லாம் மும்மலமும் தீர்ந்து சிவகதி அடையும் எண்டு பாடினவர். தெரிஞ்ச தொழிலை வச்சுத்தானே தெரியாததைக் காட்டேலும்.

எனக்குப் பிடிச்சது திருவிளையாடலில வாற பொன்னனையாள் கதை. திருப்பூவணத்தில சிவனுக்குப் பொன்னால திருவுருவம் செய்ய ஆசைப்பட்டவ, கையில காசில்லை. சோமசுந்தரர் சித்தரா வந்து வீட்டில கிடந்த ஏனங்களை எல்லாம் கேட்டு, திருநீறு தூவி, ராத்திரி தீயில போடச் சொல்லிட்டுப் போட்டார், பாத்தா எல்லாம் பொன். உருவத்தை வார்த்து முடிச்சு அழகில மயங்கி கன்னத்தைக் கிள்ளினாவாம். அந்த நகக்குறி இன்னும் இருக்கெண்டு சொல்லுவினம். பொன் ஆசைக்கு வந்ததில்லை, அன்புக்கு வந்தது. எங்கட ஊரில ரசமணி, அதாவது பாதரசத்தை இறுக்கிச் செய்த மணி, கட்டினா காசு பெருகும் எண்டு சொன்ன ஒரு ஆளிட்ட என்ர மாமி தாலிக்கொடியையே குடுத்து ஏமாந்தவ, அதால இந்த வித்தியாசம் எனக்குப் பெரிசாப் படுது.

துறைமுக வீதி:
சின்னத் தகவல் ஒண்டு. ஜெனீவாக்குக் கிட்ட இருக்கிற சேர்ன் ஆய்வுக்கூடத்தில ஈய அணுக்கள் ஒண்டோடொண்டு உரசிப் போகேக்க மூண்டு புரோத்தன் கழண்டு பொன்னாகுது எண்டு 2025இல அறிவிச்சவை, 82இல 3 போனா 79, அது பொன். 2015இல இருந்து 2018 வரைக்கும் வந்தது எல்லாம் சேர்த்து 29 பிக்கோகிராம், ஒரு பிக்கோகிராம் எண்டா கிராமில லட்சம் கோடியில ஒரு பங்கு.

பட்டறைவீட்டுப் பிள்ளை:
எல்லாருக்கும் பெரிய நன்றி, எல்லாத்தையும் அப்பாக்கு வாசிச்சன். கறுத்துச் சிவக்கிற இடத்தில நிப்பாட்டச் சொல்லி திரும்பவும் வாசிக்கச் சொன்னார். பிறகு சொன்னார், ஒருக்கா ஒரு பொம்பிளை உடைஞ்ச தேர்மாமீட்டர் ரசம் பட்ட மோதிரத்தோட வந்தவவாம், பொன் முழுக்க வெள்ளையாப் போச்சு, கலியாண மோதிரம் எண்டு அழுதவவாம். அப்பா வாசல் பக்கமா வச்சு, மூக்கைக் கட்டிக்கொண்டு மெல்ல மெல்லச் சூடு காட்ட ரசம் பறந்து போய் மஞ்சள் திரும்ப வந்ததாம். "பொன் உள்ளுக்க அப்பிடியேதான் இருந்தது பிள்ளை, எனக்கு அண்டைக்குத்தான் அந்தப் பாட்டு முழுசா விளங்கினது" எண்டார். இவ்வளவு நாளும் இதை எனக்குச் சொன்னதே இல்லை.