சம்பளம் வந்த பத்தே நாள்ல காலி, எப்படிங்க சேமிக்கிறது?

கேள்வி:
வீட்ல ஒரே சம்பளம் தான், வாடகை, கரண்ட் பில், மளிகை எல்லாம் போக கையில ஒண்ணுமே நிக்க மாட்டேங்குது, கணக்கு எழுதியும் பாத்துட்டேன், எங்க தான் ஓட்டை?

பதில் 1:
மாசச் செலவு மட்டும் எழுதுனா போதாதுங்க. இன்சூரன்ஸ், ஸ்கூல் பீஸ் மாதிரி எப்பவாவது வர்றத எல்லாம் கூட்டி 12-ஆல வகுத்து மாசாமாசம் தனி அக்கவுண்ட்ல போடுங்க, எங்க வீட்ல அதுக்கப்புறம் தான் கைமாத்து வாங்குறதே நின்னுச்சு.

பதில் 2:
கிரெடிட் கார்டு பாக்கி இருக்கா? முதல்ல அத அடைங்க. மாசம் 3% வட்டி தானேன்னு தோணும், வட்டிக்கு வட்டி சேந்து வருஷத்துக்கு 42% தாண்டிடும்.

கேள்வி கேட்டவர்:
இருக்குங்க, பில்லுல குறைஞ்சபட்சம் கட்டணும்னு போட்டிருக்கிற மினிமம் தொகை மட்டும் தான் கட்டிட்டு வர்றேன்...

பதில் 2:
அதுல பாதிக்கு மேல வட்டிக்கே போயிடும், அசல் கொஞ்சம் தான் குறையும். அடைச்சு முடிக்கிற வரைக்கும் கார்ட வெளிய எடுக்காதீங்க.