1958 ஜான்சன் 10 ஹெச்பி: பாயிண்ட் கேப் வைத்தாச்சு, டைமிங்கை எங்கே திருப்புவது?

ஏரிக்கரை:
வணக்கம். நான் இருப்பது கனடாவில், ஒண்டாரியோ. பக்கத்து வீட்டுப் பெரியவர் கராஜைக் காலி செய்யும்போது ஒரு 1958 ஜான்சன் அவுட்போர்டை (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின், 10 ஹெச்பி, க்யூடி வரிசை, இரட்டை சிலிண்டர்) சும்மாவே கொடுத்துவிட்டார். கயிற்றை இழுத்தால் மேல் பிளக்கில் கரண்ட் வருகிறது, கீழே சுத்தமாக இல்லை. ஃப்ளைவீலை (காந்தம் வைத்த சுழல் சக்கரம்) கழற்றி, இரண்டு செட் பாயிண்டும் (திறந்து மூடிப் பொறி வரவைக்கும் தொடுமுனைகள்) கண்டென்சரும் புதிதாகப் போட்டு 0.020 இன்ச் கேப் (திறந்த பாயிண்டின் இடைவெளி) வைத்தேன். அப்பவும் அதே கதை.

இரண்டு சந்தேகம். அப்பாவின் பழைய புல்லட்டில் பாயிண்ட் பிளேட்டைத் தளர்த்தித் திருப்பி டைமிங் (பொறி விழும் நேரம்) வைப்பார்கள். இதில் பிளேட்டே த்ராட்டிலோடு சேர்ந்து சுற்றுகிறது, அப்படியானால் டைமிங் எங்கே? இன்னொன்று, மல்டிமீட்டரை பாயிண்டில் வைத்தால் திறந்தாலும் மூடினாலும் பீப் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஷார்ட்டா?

பழைய இரும்பு:
ஷார்ட் இல்லை தம்பி. காயிலின் பிரைமரி சுற்று (பாயிண்டோடு சேரும் கம்பிச்சுருள்) ஒரு முனையில் எர்த்தில்தான் இருக்கிறது, அதன் ரெசிஸ்டன்ஸ் ரொம்பக் குறைவு, அதனால் பாயிண்ட் திறந்தாலும் மீட்டருக்கு அந்த வழி கிடைத்துவிடும். பாயிண்டுக்கு வரும் காயில் வயரையும் கண்டென்சர் வயரையும் ஸ்க்ரூவிலிருந்து எடுத்துவிட்டு அளந்து பாருங்கள், திறக்கும் நொடியில் பீப் நிற்கும்.

டைமிங் என்று தனியாக ஒன்றும் கிடையாது. கேப்தான் டைமிங். பிளேட் சுற்றுவது அட்வான்ஸுக்கு: த்ராட்டில் ஏற ஏற பொறி முன்கூட்டி விழும். கேப் அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், அதுவும் அட்வான்ஸ்தான், குறைந்தால் ரிடார்ட், அதாவது பொறி தாமதம். பாயிண்டைத் தள்ளித் திறக்கும் கேம் ஒன்றே, அதில் ஒரே மேடு, எதிரெதிரே இரண்டு பாயிண்ட். இரண்டும் சரியாக அரைச் சுற்று தள்ளித் திறக்கவேண்டும். ஒன்றில் 0.020, இன்னொன்றில் 0.024 என்று இருந்தால் ஒரு சிலிண்டர் முந்திக்கொள்ளும், ஸ்லோவில் படகே குலுங்கும். டைமிங் ஃபிக்ஸ்சர் (டைமிங் பார்க்கும் கருவி) கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கேமின் உச்சியில் பாயிண்டின் உராய்வுக் கட்டை நிற்கும்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசாகப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் போதும். லாக் ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு இன்னொரு தடவை அளக்கவும். இறுக்கும்போதுதான் கேப் நழுவும், பாதிப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

சைடு ஸ்டாண்ட்:
நான் ஸ்கூட்டர் மெக்கானிக், அவுட்போர்டு தொட்டதில்லை, ஆனால் புது பாயிண்ட் போட்டும் கரண்ட் வரவில்லை என்றால் முதலில் பார்ப்பது எண்ணெய்ப் படலம். டப்பாவிலிருந்து வரும்போதே துருப்பிடிக்காமல் ஏதோ பூசியிருப்பார்கள், ஃபீலர் கேஜிலும் எண்ணெய் இருக்கும். ஒரு விசிட்டிங் கார்டை பெட்ரோலில் நனைத்து பாயிண்ட் நடுவில் விட்டு மூடி இழுங்கள், அப்புறம் உலர்ந்த கார்டு, கறை வராத வரைக்கும். எமரி பேப்பர் வேண்டாம், அதன் பொடி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

பழைய இரும்பு:
சைடு ஸ்டாண்ட் சொன்னது சரி. அதிலும் வரவில்லை என்றால் காயிலைப் பாருங்கள், அந்தக் காலத்துக் காயிலின் மேல் உறை வெடித்திருக்கும். புதுக் காயில் மாட்டினால் அதன் இரும்புக் கால்கள் பிளேட்டில் உள்ள மேடைகளோடு சமமாக இருக்கவேண்டும், வெளியே நீட்டினால் ஃப்ளைவீல் காந்தம் உரசும். கையால் சுற்றும்போது வலப்பக்கமாக மட்டும், திருப்பிச் சுற்றினால் தண்ணீர் பம்ப் இம்பெல்லர் இறகுகள் மடங்கிக் கெட்டுவிடும்.

ஏரிக்கரை:
கார்டுதான்! முதல் இழுப்பிலேயே கருப்பாக ஒரு கோடு வந்தது, மூன்றாவது கார்டில்தான் சுத்தம். கீழ் செட்டை அளந்தால் 0.025. வைத்தது 0.020, இறுக்கும்போது நழுவியிருக்கிறது, அண்ணன் சொன்னதேதான். மறுபடி வைத்து, வயரைக் கழற்றி மீட்டரில் சரிபார்த்தேன். இப்போது இரண்டு பக்கமும் கால் இன்ச் இடைவெளியை நீலப் பொறி டப் டப்பென்று தாண்டுகிறது. ஃப்ளைவீல் நட்டை எவ்வளவு இறுக்கவேண்டும்? ஃப்ளைவீல் உட்காரும் டேப்பரில் (ஷாஃப்டின் கூம்பு முனை) கிரீஸ் போடலாமா?

பழைய இரும்பு:
கிரீஸ் கூடவே கூடாது. ஷாஃப்ட், ஃப்ளைவீல் டேப்பர் இரண்டையும் தின்னரில் துடைத்து உலர்ந்தபடி மாட்டுங்கள், டார்க் ரெஞ்சில் 40 முதல் 45 அடி-பவுண்டு. தளர்ந்திருந்தால் சாவி (ஃப்ளைவீலை ஷாஃப்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டு) நசுங்கி இத்தனை நேரம் வைத்த டைமிங் எல்லாம் போய்விடும். பழைய சாவி கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள், காசு அதிகமில்லை.