ஐபிடேபிள்ஸ்: அலவ் ரூல் சேர்த்தும் டைம்அவுட், பிளாக் செய்த ஐபி இன்னும் உள்ளே வருகிறது

கேள்வி:
உபுண்டு சர்வர். ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால் கருவி) இன்புட் செயின், அதாவது உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கான ரூல் பட்டியல், இப்படி இருக்கிறது:
1. எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டட் (ஏற்கெனவே ஏற்பட்ட இணைப்பும் அதைச் சார்ந்ததும்) – அக்செப்ட்
2. லூப்பேக் (சர்வர் தனக்குள் பேசுவது) – அக்செப்ட்
3. டிசிபி 22 (எஸ்எஸ்எச்) – அக்செப்ட்
4. டிசிபி 443 (எச்டிடிபிஎஸ்) – அக்செப்ட்
5. எல்லாமே – டிராப்
6. 10.0.5.0/24-இலிருந்து டிசிபி 3306 (மைஎஸ்க்யூஎல்) – அக்செப்ட்
7. 203.0.113.45 – டிராப்

6, 7 இரண்டும் புதிதாகச் சேர்த்தவை. மைஎஸ்க்யூஎல் இணைப்பு டைம்அவுட் ஆகிறது. 7-இல் தடுத்த ஐபியோ 443-க்குத் தடையில்லாமல் வருகிறது. ஏன்?

பதில் 1:
வரிசைதான் காரணம். பாக்கெட்டை மேலிருந்து ஒவ்வொரு ரூலாக ஒப்பிடும். அக்செப்ட், டிராப் எது முதலில் பொருந்துகிறதோ அதோடு முடிந்தது. 5-ஐத் தாண்டி எதுவும் கீழே இறங்காது. கவுண்டரோடு (ஒவ்வொரு ரூலிலும் பொருந்திய பாக்கெட் எண்ணிக்கை) லிஸ்ட் எடுத்துப் பாருங்கள், 6-இலும் 7-இலும் 0 பாக்கெட்தான் இருக்கும். தடுத்த ஐபி அதற்கும் முன்பே, 4-இலேயே உள்ளே போய்விடுகிறது.

அப்பெண்ட் எப்போதும் கடைசியில்தான் சேர்க்கும். இடம் குறித்துச் சேர்க்க இன்சர்ட் வேண்டும். எண் கொடுக்காவிட்டால் அது முதலிடத்தில் போய் உட்காரும்.

முதலில் 7-ஐ அழித்துவிட்டுப் பிறகு 6-ஐ அழியுங்கள். 6-ஐ முதலில் அழித்தால் 7 நகர்ந்து 6 ஆகிவிடும். பிறகு ஐபி தடையை 3-ஆம் இடத்தில் இன்சர்ட் செய்யுங்கள். இப்போது மொத்த டிராப் 6-க்கு நகர்ந்திருக்கும். 3306 ரூலையும் 6-இல் இன்சர்ட் செய்தால் அதற்குச் சரியாக மேலே நிற்கும்.

பதில் 2:
ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தடையை 3-இல் வைத்தாலும், அந்த ஐபி ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் இணைப்பு அறுபடாது. அதன் பாக்கெட்டுகள் 1-ஆம் ரூலிலேயே பொருந்திவிடும். கர்னல் வைத்திருக்கும் இணைப்புப் பட்டியலிலிருந்து அந்த சோர்ஸ் ஐபியின் பதிவுகளைக் கான்ட்ராக் கருவியால் அழியுங்கள். அடுத்த பாக்கெட் எஸ்டாப்ளிஷ்டு ஆகாது, நேராக 3-இல் விழும். தடையை 1-க்கு மேலேயே வைப்பதும் தீர்வுதான். ஆனால் நீண்ட தடைப் பட்டியலை அங்கே வைத்தால் ஒவ்வொரு பாக்கெட்டும் அதைக் கடந்தாக வேண்டும். முகவரிகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் ஐபிசெட்டில் (முகவரிகளின் தொகுப்பு) போட்டு ஒரே ரூலாக்குங்கள்.

கேட்டவர்:
443 தடை வேலை செய்கிறது. 3306 ரூலின் கவுண்டரும் ஏறுகிறது, ஆனால் இப்போது "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்கிறது.

பதில் 1:
அப்படியானால் ஃபயர்வாலைத் தாண்டிவிட்டது. டிராப் என்றால் பதிலே வராது, டைம்அவுட் ஆகும். உடனே ரெஃப்யூஸ்டு வந்தால் அந்த முகவரியில் 3306 போர்ட்டில் இணைப்பை ஏற்கக் காத்திருக்கும் நிரல் எதுவும் இல்லை. உபுண்டுவில் மைஎஸ்க்யூஎல்லின் பைண்ட் அட்ரஸ் (அது இணைப்பை ஏற்கும் முகவரி) இயல்பாக 127.0.0.1, அதாவது அதே சர்வருக்குள் மட்டும். அதைச் சர்வரின் உள் நெட்வொர்க் முகவரிக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பதில் 3:
லாக் ரூல் வைப்பதாக இருந்தால் கடைசி டிராப்புக்கு முன்னால் வையுங்கள், லிமிட்டோடு (எழுதும் வேகத்துக்கு வரம்பு). லாக் பாக்கெட்டை முடித்துவைக்காது, எழுதிவிட்டு அடுத்த ரூலுக்கு அனுப்பும். டிராப்புக்குக் கீழே வைத்தால் ஒரு வரிகூட வராது. எஸ்எஸ்எச் வழியாக ரூல் மாற்றும்போது இருக்கிற ஜன்னலை மூடாதீர்கள். 1-ஆம் ரூலால் அது தொடர்ந்து உயிரோடு இருக்கும், எனவே அது ஓடுவதை வைத்து எல்லாம் சரி என்று நம்ப முடியாது. இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் ஆகிறதா என்று பார்த்த பிறகே நெட்ஃபில்டர் பெர்சிஸ்டென்ட்டில் (ரீபூட்டுக்குப் பிறகும் ரூல்களைத் திரும்ப ஏற்றும் சேவை) சேவ் செய்யுங்கள்.