பயோஸ்ல என்விஎம்இ எஸ்எஸ்டி தெரியல, விண்டோஸ் உள்ள போனா தெரியுது. யாராச்சும் உதவுங்க

லயத்துவீடு:
வணக்கம் எல்லாருக்கும், நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். இங்க தோட்டத்து ஆபீஸ்ல பழைய பிசி எல்லாத்தையும் கழிச்சு விட்டப்ப ஒன்னு 150 வெள்ளிக்கு எடுத்தேன். ஐ5 3470, 8 ஜிபி ரேம், கியூ77 சிப்செட், ஒல்லியா படுக்க வைக்கிற ஆபீஸ் மாடல். எங்க அக்கா சாயங்காலம் தமிழ்ப்பள்ளி பிள்ளைங்களுக்கு வீட்டுலயே டியூஷன் எடுக்கறாங்க, பயிற்சித்தாள் அடிக்கவும் பிரிண்ட் போடவும் அவங்களுக்குத்தான். உள்ள இருக்கற 500 ஜிபி ஹார்ட்டிஸ்க்ல விண்டோஸ் 10, சுவிட்ச போட்டுட்டு போயி மைலோ கலக்கி குடிச்சிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுத்திக்கிட்டே கிடக்கும்.

அதனால ஆன்லைன்ல 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (பிசிஐஇ ஸ்லாட் வழியா ஓடற வேகமான டிஸ்க்) ஒன்னும் அத மதர்போர்டுல மாட்டற பிசிஐஇ கார்டு ஒன்னும் வாங்குனேன். கார்டு கூட குட்டை பிராக்கெட்டும் இருந்துச்சு, நீட்டு பிராக்கெட்ட கழட்டி அத மாட்டி கருப்பு ஸ்லாட்ல சொருகிட்டேன். விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மெண்ட் தொறந்தா ஜம்முனு தெரியுது, ஃபார்மட் ஆவுது, ஃபைல் காப்பி ஆவுது, முழு விண்டோஸையும் அதுல குளோன் பண்ணியும் முடிச்சாச்சு. ஆனா ரீஸ்டார்ட் பண்ணி எஃப்12 தட்டுனா வர்ற பூட் மெனுல (எதுல இருந்து ஆரம்பிக்கணும்னு கேக்கற மெனு) ஹார்ட்டிஸ்க், டிவிடி, நெட்வொர்க் இதுங்க மட்டும்தான் வருது, எஸ்எஸ்டி பேரே காணோம். பென்டிரைவ் வச்சு புதுசா விண்டோஸ் போடலாம்னு பாத்தா இந்த டிஸ்க்ல இருந்து பூட் பண்ண உன் கம்ப்யூட்டர் சப்போர்ட் பண்ணாம இருக்கலாம்னு சொல்லி நிக்குது. பயோஸும் கடைசி வெர்ஷன் வரைக்கும் ஏத்தியாச்சு.

கார்டு ரோசாக்கா (கெட்டுப்போச்சா), எஸ்எஸ்டி ரோசாக்கா, இல்ல பிசியே இதுக்கு லாயக்கில்லையா? ரோசாக்னா விண்டோஸ்ல மட்டும் எப்படி தெரியுது, அதான் மண்டைய குடையுது.

பழைய_ரேம்:
எதுவும் ரோசாக் இல்ல தம்பி, பணத்த திருப்பி கேட்டு சண்ட போட வேணாம்.

சுவிட்ச் போட்டதும் முதல்ல ஓடறது பயோஸ், அதாவது மதர்போர்டு சிப்புலயே இருக்கற ஆரம்ப புரோகிராம்தான், விண்டோஸ் அப்புறம்தான் வரும். பயோஸ் கேட்ல நிக்கற ஜாகா மாதிரி, அவன்கிட்ட இருக்கற லிஸ்ட்ல பேர் இல்லன்னா மேனேஜரோட சொந்தக்காரனா இருந்தாலும் உள்ள விடமாட்டான். சாட்டா (பழைய கேபிள் முறை) ஹார்ட்டிஸ்க், டிவிடி, யூஎஸ்பி இதெல்லாம் உங்க பயோஸ் லிஸ்ட்ல இருக்கு, என்விஎம்இ இல்ல. என்விஎம்இ ஸ்பெக் முதல்ல வெளிவந்ததே 2011ல, உங்க சிப்செட் 2012. பயோஸ்லயே அதுக்கு டிரைவர் வச்சு போர்டு வர ஆரம்பிச்சது பரவலா பாத்தா 2014ல இன்டெல் 9 சீரிஸ் வந்தப்பதான். நீங்க ஏத்துன கடைசி பயோஸ்லயும் அந்த டிரைவர சேர்க்கல, அவ்வளவுதான் விஷயம்.

விண்டோஸ்ல தெரியறதுக்கு காரணம் 8.1ல இருந்து விண்டோஸ் கூடவே அந்த டிரைவர் வருது. லினக்ஸ்ல கெர்னல் (அதோட மையப் பகுதி) 3.3லயே வந்துருச்சு. உள்ள போயிட்டா பிரச்சன இல்ல, வாசல்லதான் மாட்டிக்குது.

பயோஸ்பைத்தியம்:
பாஸ் சிம்பிள் லா, பயோஸ் ஃபைல யூஇஎஃப்ஐ டூல்னு ஒரு சாஃப்ட்வேர்ல தொறந்து என்விஎம் எக்ஸ்பிரஸ் டிஎக்ஸ்இன்ற என்விஎம்இ டிரைவர உள்ள சொருகி ஃபிளாஷ் பண்ணுங்க (போர்டு சிப்புல எழுதுங்க), எஸ்எஸ்டி தானா பூட் மெனுல வந்துரும். என் பி75 போர்டுல அப்படித்தான் ஓடுது, பென்டிரைவும் வேணாம் ஒன்னும் வேணாம்.

ஈப்போகாரன்:
கடையில தனியா வாங்கற போர்டுக்கு நீ சொல்றது சரி, அவரு வச்சிருக்கறது கம்பெனி ஆபீஸ் பிசி. அதுல எல்லாம் பயோஸ் ஃபைல் கையெழுத்து போட்டு பூட்டி இருக்கும், மாத்துன ஃபைல ஃபிளாஷ் டூல் ஏத்துக்காது. அப்புறம் சிஎச்341ஏன்ற, சிப்புல நேரா எழுதற கருவிய வாங்கி, சிப்பு கால்ல கிளிப்ப கவ்வ வச்சு எழுதணும். அக்கா டியூஷனுக்கு பயிற்சித்தாள் அடிக்கறதுக்கு இது தேவையா?

இன்னொன்னு, நான் பேராக்குல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்கறவன், மூனு நாலு மணிக்கு மேல வானம் இருட்டிக்கிட்டு இடி இடிக்க ஆரம்பிச்சா நான் எந்த போர்டுக்கும் பயோஸ் ஃபிளாஷ் பண்ண கை வைக்க மாட்டேன். பாதியில கரண்ட் ட்ரிப் ஆச்சுன்னா போர்டு கல்லுதான். யூபிஎஸ் இல்லாம இந்த வேலைய யாருக்கும் சொல்லாதீங்க.

பயோஸ்பைத்தியம்:
யூபிஎஸ் விஷயம் சரிண்ணே, ஒத்துக்கறேன். கம்பெனி பிசின்றத கவனிக்கல.

டீச்சரக்கா:
தம்பி, நான் டெக்னிக்கலா பேசற ஆள் இல்ல. எங்க வீட்டு பிசியும் இதே வயசுதான், சாதாரண இரண்டரை இஞ்ச் சாட்டா எஸ்எஸ்டி வாங்கி ஹார்ட்டிஸ்க் இருந்த எடத்துல மாட்டுனோம், ஒரு தொல்லையும் இல்ல. ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கறீங்க?

பழைய_ரேம்:
வாங்கறதுக்கு முன்னாடி கேட்டிருந்தா நானும் டீச்சர் சொன்னதத்தான் சொல்லிருப்பேன். கியூ77ல 6 ஜிகாபிட் சாட்டா போர்ட் ரெண்டு இருக்கு, அதுல சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 500, 550 எம்பி வேகத்துல ஓடும், பூட் ஆவறதுலயும் வேர்டு தொறக்கறதுலயும் என்விஎம்இக்கும் அதுக்கும் உள்ள வித்தியாசத்த உங்க அக்காவால கண்டுபிடிக்கவே முடியாது. ஹார்ட்டிஸ்க்ல இருந்து ஏதோ ஒரு எஸ்எஸ்டிக்கு வர்றதுதான் பெரிய மாற்றம், எந்த எஸ்எஸ்டின்றது அதுக்கு அப்புறம்.

ஆனா வாங்கியாச்சு இல்ல, தூக்கி போட முடியுமா. வழி இருக்கு. முழு சிஸ்டமும் பயோஸ் கண்ணுக்கு தெரியணும்னு அவசியமே இல்ல, ஆரம்பிக்கற அந்த கொஞ்சூண்டு ஃபைல் மட்டும் அதுக்கு தெரியற டிஸ்க்ல இருந்தா போதும்.

விண்டோஸேதான் வேணும்னா க்ளோவர்னு ஒரு பூட்லோடர் (சிஸ்டத்த ஆரம்பிச்சு விடற சின்ன புரோகிராம்) இருக்கு, அத ஒரு சின்ன பென்டிரைவ்ல போட்டு, பயோஸ்பைத்தியம் சொன்ன அதே என்விஎம் எக்ஸ்பிரஸ் டிஎக்ஸ்இ டிரைவர க்ளோவரோட டிரைவர்ஸ் ஃபோல்டர்ல வைக்கணும். புது க்ளோவர்ல அது ஆஃப்னு ஒரு ஃபோல்டருக்குள்ள தூங்கிக்கிட்டு இருக்கும், அத எடுத்து யூஇஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணாதான் வேல செய்யும், முக்கால்வாசி பேரு இங்கதான் மாட்டிக்கறாங்க. பிசி பென்டிரைவ்ல ஆரம்பிக்கும், க்ளோவர் டிரைவர ஏத்தும், அப்புறம் எஸ்எஸ்டில இருக்கற விண்டோஸ கூப்புடும். ஆனா எஸ்எஸ்டில விண்டோஸ் ஜிபிடி, யூஇஎஃப்ஐ முறையில (டிஸ்க்க பிரிச்சு பூட் பண்ற புது விதம்) இருக்கணும். தோட்டத்து ஆபீஸ் காலத்து விண்டோஸ் அனேகமா பழைய எம்பிஆர் முறையில இருக்கும், அத அப்படியே குளோன் பண்ணிருந்தீங்கன்னா தலகீழா நின்னாலும் க்ளோவர்ல வராது. அதோட அந்த பென்டிரைவ் எப்பவும் பின்னாடி சொருகியே இருக்கணும்.

ஈப்போகாரன்:
பென்டிரைவ் சொருகியே இருக்கணும், வீட்டுல டியூஷன் பிள்ளைங்க. எவனாச்சும் ஹோம்வர்க் காப்பி பண்ணிக்கிட்டு போக உருவிருவான், பாத்துக்குங்க.

அப்புறம் விண்டோஸ் 10க்கு சாதாரண சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ன்ற பாதுகாப்பு சிப்பும் இன்டெல் 8வது தலைமுறை ப்ராசசரும் கேக்கறான், உங்களோடது 3வது. குறுக்கு வழியில போடலாம், நான் போட மாட்டேன். பேசாம விண்டோஸ் மாதிரியே இன்னொரு இலவச சிஸ்டம் லினக்ஸ் மின்ட், அத போடுங்க, அதுல இந்த என்விஎம்இ வேலையும் ரொம்ப சுலபம், க்ளோவரே வேணாம்.

லயத்துவீடு:
அண்ணே, அக்கா முரசு அஞ்சல்ல தமிழ்99 விசைப்பலகை அடிச்சு பழகினவங்க. லினக்ஸ்ல அது வருமா? வரலன்னா இந்த பேச்சே வேணாம், என்ன வீட்டுக்குள்ள விடமாட்டாங்க.

ஈப்போகாரன்:
வரும் லா. ஐபஸ்னு தட்டச்சு சாஃப்ட்வேர், அதுக்கு மேல எம்17என் பேக்கேஜ், அதுல தமிழ்99 இருக்கு. விசை எல்லாம் அதே எடந்தான், விரல் மாற வேண்டியதில்ல.

இப்ப வேலைய சொல்றேன். முதல்ல பிள்ளைங்க பேப்பர் எல்லாத்தையும் வெளிய ஒரு டிஸ்க்ல காப்பி எடுங்க. விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ப நிறுத்துங்க, இல்லன்னா அந்த பார்ட்டிஷன லினக்ஸ் சரியா தொட முடியாது. அப்புறம் டிஸ்க் மேனேஜ்மெண்ட்ல சி டிரைவ கொஞ்சம் சுருக்கி 1 ஜிபி காலி எடம் விடுங்க. மின்ட் பென்டிரைவ்ல பூட் பண்ணி இன்ஸ்டால் பண்றப்ப சம்திங் எல்ஸ்னு கடைசியில ஒரு ஆப்ஷன் வரும், அதத்தான் எடுக்கணும், மத்ததுல கை வச்சா அவனே இஷ்டத்துக்கு போட்டுருவான். ஹார்ட்டிஸ்க்ல விட்ட அந்த 1 ஜிபிய இஎக்ஸ்டி4 (லினக்ஸ் ஃபார்மட்) ஆக்கி பூட்னு மவுண்ட் பண்ணுங்க, ஆரம்பிக்கற ஃபைல் அதுல இருக்கும். எஸ்எஸ்டில இருக்கற குளோன அழிச்சிட்டு மொத்தத்தையும் ரூட்டுக்கு (மிச்ச லினக்ஸ் இருக்கற எடம்) குடுங்க. கீழ பூட்லோடர் எங்க போடணும்னு கேக்கற எடத்துல ஹார்ட்டிஸ்க்க முழுசா எடுங்க, நம்பர் போட்ட பார்ட்டிஷன இல்ல. கெர்னல் ஹார்ட்டிஸ்க்ல இருந்து ஏறும், ஏறுனதும் எஸ்எஸ்டி அதுக்கு தெரியும், மிச்சம் எல்லாம் அதுல ஓடும்.

லயத்துவீடு:
உக்காந்தேன், ஆனா இன்ஸ்டாலர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இல்லன்னு எச்சரிக்க காட்டி பயமுறுத்துது. ஓகே குடுக்கவா? விண்டோஸ் போயிருமோன்னு கை நடுங்குது.

பழைய_ரேம்:
குடுக்காதீங்க, வெளிய வந்துருங்க. ஹார்ட்டிஸ்க் பழைய லெகசி முறையில இருக்கு, நீங்க பென்டிரைவ யூஇஎஃப்ஐ முறையில ஆரம்பிச்சிருக்கீங்க, அதான் அந்த பார்ட்டிஷன கேக்குது. எஃப்12 தட்டி பாருங்க, ஒரே பென்டிரைவ் ரெண்டு எடத்துல வரும், மேல லெகசி கூட்டத்துல ஒன்னு, கீழ யூஇஎஃப்ஐ கூட்டத்துல ஒன்னு. மேல இருக்கறத எடுத்தா அந்த கேள்வியே வராது. பயோஸ் செட்டிங்ல வேற எதையும் நோண்டாதீங்க, சாட்டா ஆப்பரேஷன் எதுல இருக்கோ அதுலயே விடுங்க, அத மாத்துனா உங்க விண்டோஸ் நீல ஸ்கிரீன்ல போயி நிக்கும்.

லயத்துவீடு:
வந்துருச்சு அண்ணே!! லெகசியில எடுத்ததும் சத்தமே இல்லாம போயிருச்சு. இப்ப ஆன் பண்ணா கருப்பு மெனு வருது, மின்ட், விண்டோஸ் ரெண்டும் இருக்கு. மின்ட் லோகோ வந்து மறையறதுக்குள்ள டெஸ்க்டாப் நிக்குது, ரைட்டர் தொறக்கறது கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள. டிஸ்க் பட்டியல் காட்டற எல்எஸ்பிஎல்கே கமாண்ட அடிச்சு பாத்தேன், ரூட் என்விஎம்இல, பூட் மட்டும் எஸ்டிஏல, அதாவது ஹார்ட்டிஸ்க்ல. அக்கா தமிழ்99ல ஒரு பத்தி அடிச்சு பாத்துட்டு எழுத்துரு மட்டும் பழசு வேணும்னாங்க, காப்பி பண்ணி குடுத்துட்டேன்.

கார்டு கருப்பு ஸ்லாட்ல இருக்கு, பக்கத்துல நீல ஸ்லாட் சும்மா கிடக்கு. அதுல மாத்துனா வேகம் கூடுமா?

பழைய_ரேம்:
கூடும், ஆனா உங்களுக்கு தெரியாது. கருப்பு பிசிஐஇ 2.0, நாலு லேன் (டேட்டா ஓடற பாத), கணக்குக்கு 2 ஜிபி வினாடிக்கு. நீலம் நேரா ப்ராசசர்ல இருந்து வர்ற 3.0, அதே நாலு லேன்ல கிட்டத்தட்ட டபுள். பிற்பாடு கிராஃபிக்ஸ் கார்டு போடற எண்ணம் இல்லன்னா மாத்திக்குங்க, மறுபடி இன்ஸ்டால் எல்லாம் வேணாம், டிஸ்க்க யூயூஐடின்ற அடையாள நம்பர வச்சுத்தான் தேடும்.

புதுசா_வந்தவன்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ஹெச்61 சிப்செட் போர்டு, இதே மாதிரி பண்ணலாமா? நீட்டு ஸ்லாட்ல கிராஃபிக்ஸ் கார்டு இருக்கு, சின்ன ஸ்லாட் மட்டும்தான் காலி.

ஈப்போகாரன்:
பண்ணலாம், அந்த சின்ன ஸ்லாட் ஒரே லேன், 2.0, கணக்குக்கு 500 எம்பி. நாலு லேன் கார்டு அதுல நுழையாது, ஒரு லேன் கார்டா பாத்து வாங்கணும். ஹெச்61ல சாட்டா 3 ஜிகாபிட்தான், சாட்டா எஸ்எஸ்டி போட்டாலும் 270, 280 எம்பிக்கு மேல வராது. அந்த போர்டுக்கு வேணும்னா என்விஎம்இ கொஞ்சம் அர்த்தமா இருக்கும், ஆனாலும் நானா இருந்தா சாட்டா வாங்கி போட்டுட்டு வேலைய பாப்பேன். வாங்கறதுக்கு முன்னாடி எஸ்எஸ்டி முனையில எம் கீன்ற ஒரு வெட்டு மட்டும்தான் இருக்கான்னு படத்த பாருங்க, ரெண்டு வெட்டு இருந்தா அனேகமா அதே வடிவத்துல வர்ற சாட்டா எம்.2 எஸ்எஸ்டி, அது இந்த கார்டுல வேல செய்யாது.

பழைய_ரேம்:
லயத்துவீடு தம்பி, ரெண்டு விஷயம் சொல்லாம விட்டுட்டோம். கெர்னல் அப்டேட் வர வர அந்த 1 ஜிபி பூட் நெறஞ்சுக்கிட்டே வரும், அப்பப்ப ஏபிடி ஆட்டோரிமூவ் கமாண்ட ஓட்டி பழைய கெர்னல கழிங்க, நெறஞ்சு போச்சுன்னா அப்டேட் பாதியில நிக்கும். அப்புறம் இப்ப உங்க பிசி ஆரம்பிக்கறதே அந்த கிழட்டு ஹார்ட்டிஸ்க்க நம்பித்தான். டிஸ்க்ஸ்னு ஒரு ஆப் மின்ட்ல இருக்கு, டிஸ்க்கோட நிலைமைய சொல்ற ஸ்மார்ட் டேட்டாவ தொறந்து ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போயி மாத்தி வச்ச எடம்) எவ்வளவுன்னு பாத்து சொல்லுங்க.

லயத்துவீடு:
பாத்தேன் அண்ணே, ரீஅலோகேட்டட் 8னு இருக்கு.

பழைய_ரேம்:
அப்ப அத நம்பாதீங்க. வீட்டுல சும்மா கிடக்கற பென்டிரைவ் ஒன்ன எடுத்து பூட் பார்ட்டிஷன அதுல ஒரு காப்பி போட்டு, க்ரப்பையும் (அந்த கருப்பு மெனு காட்டற பூட்லோடர்) அதுல ஏத்தி, அதுலயே ஒரு தடவ பூட் பண்ணி பாத்துட்டு அக்கா கண்ணுல படாத அலமாரியில வச்சிருங்க. பெரிய கெர்னல் அப்டேட் வந்தா அந்த காப்பியையும் புதுசாக்கணும். கமாண்ட் எல்லாம் நாளைக்கு எழுதி போடறேன், இப்ப இங்க இடி இடிக்குது, பிளக்க உருவப் போறேன்.