திருகாணி இல்லாத கசெட்டைத் திறக்க யாராவது இருக்கிறார்களா?

அப்பா விட்டுப்போன 90 நிமிடக் கசெட் ஒன்று சரியாகப் பாடுவதில்லை. 1987 என்று அவர் கையாலேயே எழுதியிருக்கிறார். இலங்கை வானொலியின் 'பாட்டுக்குப் பாட்டு' நிகழ்ச்சியை, ரேடியோவுக்குப் பக்கத்தில் மைக்கை வைத்துப் பதிந்தது. இடையில் அம்மம்மா "தேத்தண்ணி ஆறுது" என்று கூப்பிடுவதும் விழுந்திருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். பாட்டுகளை எங்கேயும் கேட்கலாம்.

போன மாதம் வரை நன்றாகப் பாடியது. இப்போது சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கி, திடீரென்று தெளிந்து, மறுபடி மங்குகிறது. உள்ளே பார்த்தால், நாடாவை ஹெட்டோடு (பிளேயரில் நாடாவின் ஒலியைப் படிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சின்னப் பஞ்சுத் துண்டைக் காணவில்லை. பின்னாலிருக்கும் செப்புத் தகடு மட்டும் மினுங்குகிறது. பசை காய்ந்து விழுந்திருக்க வேண்டும்.

ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன். பென்சிலால் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தேன். வேறு இரண்டு பிளேயர்களிலும் போட்டேன், அதே கதை. அந்தப் பிளேயர்களில் மற்றக் கசெட்டுகள் நன்றாகப் பாடுகின்றன. வேறு கூட்டுக்கு நாடாவை மாற்றலாம் என்றால், இதன் கூடு திருகாணி இல்லாமல் ஒட்டிய வகை. உடைத்துத்தான் திறக்க வேண்டும். 90 நிமிட நாடா 60 நிமிடத்தினதை விட மெல்லியது, அதனால் கை வைக்கப் பயம். புறக்கோட்டையில் கேட்ட கடைக்காரர், "தம்பி, இதை எறிஞ்சிட்டு யூடியூப்ல கேளுங்க" என்றார்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். ஒட்டிய கூட்டைத் திறந்து நாடாவை மாற்றித் தரக்கூடிய ஆள் கொழும்பில் யார்?