வீடியோ பார்த்துப் படித்தவனுக்கு வைவாவில் வாய் திறக்குமா?

நாகமலை வாத்தியார்:
மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் எடுக்கிறேன். இப்போதெல்லாம் ரெக்கார்ட் நோட், அசைன்மென்ட் எதிலும் குறை சொல்ல முடியாது, அச்சுப் போட்ட மாதிரி இருக்கும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், உட்காரவைத்து, "இந்த ஆம்ப்ளிஃபையரில் எமிட்டர் பைபாஸ் கெபாசிட்டரைக் கழற்றிவிட்டால் கெயின் ஏறுமா, இறங்குமா" என்று கேட்டால் மேலே ஃபேனைப் பார்க்கிறார்கள். 2016இல் ஜியோ வந்து டேட்டாவைக் கொட்டியது, 2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்து எழுதுகிற வேலையையும் எடுத்துக்கொண்டது. இணையத்தால் மாணவன் திறமை வளர்கிறது என்கிறவர்கள், எந்தத் திறமை என்று மட்டும் சொல்லுங்கள்.

உசிலம்பட்டியான்:
நான் சொல்கிறேன் சார். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். முதல் செமஸ்டரில் வகுப்பில் ஓடிய இங்கிலீஷ் பாதி புரியவில்லை, அறுபது பேர் முன்னால் கையைத் தூக்கி இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்கத் தைரியமும் இல்லை. ராத்திரி என்பிடெல் என்ற இணையப் பாட வீடியோவை வேகம் குறைத்துப் போட்டு, அதே பாடத்தை யாராவது தமிழில் நடத்தியிருக்கிறார்களா என்று யூடியூபில் தேடி, அப்படித்தான் அரியர் இல்லாமல் வெளியே வந்தேன். ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் ஆரம்பித்தது அந்த என்பிடெல். பார்க்கக் காசு கிடையாது, எத்தனை தடவை நிறுத்தினாலும் முறைக்காது. அப்புறம், காப்பி அடிப்பது ஏதோ ஜியோவோடு வந்த மாதிரி பேசுகிறீர்கள். சீனியர் ரெக்கார்டை வாங்கி எழுதியதும், ஃபைனல் இயர் ப்ராஜெக்டை ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதும் எந்தக் காலத்துக் கதை?

நாகமலை வாத்தியார்:
தம்பி, நீங்கள் தேடிப் படித்தவர். ஒரு வகுப்பில் அப்படி நாலு பேர் தேறுவார்கள். மற்றவர்கள் தேர்வுக்கு முந்தின ராத்திரி அதே வீடியோவை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிவிட்டு, புரிந்துவிட்டது என்ற நினைப்போடு வருகிறார்கள். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்களில் ஒரு கூட்டம் ஒரு பாடப்பகுதியைத் திரும்பப் படித்தது, இன்னொரு கூட்டம் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள்தான். வீடியோவைத் திரும்ப ஓட்டுவதும் முதல் கூட்டத்து வேலைதானே.

உசிலம்பட்டியான்:
சார், அந்தச் சோதனையில் இணையமே இல்லையே! நீங்கள் போர்டில் எழுத, நாங்கள் தலையைக் குனிந்து அப்படியே நோட்டில் இறக்குகிறோமே, அதுவும் முதல் கூட்டத்து வேலைதான். மூடிவைத்துவிட்டு எழுதிப் பார் என்று எந்த வகுப்பில் சொன்னார்கள்? ரெக்கார்டுக்கு மார்க்கைக் கொடுத்தால் ரெக்கார்டுதான் அழகாக வரும்.

தமிழ் எம்.ஏ.:
இன்ஜினியரிங் சண்டையில் நுழைகிறேன், மன்னிக்கவும். காமராசர் பல்கலையில் படித்தவள். நம் ஊர்ப் பெயரில் 1998 பொங்கலுக்குத் தொடங்கிய, தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற மதுரைத் திட்டம் இல்லாவிட்டால் என் ஆய்வேடு பாதியில் நின்றிருக்கும், சங்கப் பாடல்கள் அத்தனையும் காசில்லாமல் வீட்டில் கிடைத்தன. ஆனால் ஜூனியர்கள் செய்வது என்ன தெரியுமா, 'யானை' என்று தேடி, வந்த வரிகளை வெட்டி ஒட்டிக் கட்டுரை ஆக்குகிறார்கள். அது தலைவி கூற்றா, தோழி கூற்றா, எந்தத் திணை, எதுவும் பார்ப்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதத்துக்குள் இருந்தால் தண்டனை கிடையாது. அதனால் வரியைப் புரட்டிப் போட்டு அந்தச் சதவீதத்தைக் குறைக்கவே ஒரு வாரம் செலவழிக்கிறார்கள், பாட்டைப் படிக்க நேரமில்லை. வாத்தியார் சொல்வதில் பாதி எனக்கு ஒப்புதல்.

கப்பலூர் மெஷின்ஷாப்:
ஆள் எடுக்கிறவன் நான், என்னையும் கேளுங்கள். இப்போது வருகிற பையன்கள் சிஎன்சி, அதாவது கணினி இயக்குகிற மெஷினுக்கான புரோகிராமை வீடியோ பார்த்தே ஓரளவு எழுதிவிடுகிறார்கள், பத்து வருடம் முன்னால் இதை நாங்கள்தான் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டியிருந்தது, அந்த மட்டும் லாபம். ஆனால் 0.01 மி.மீ. வரை அளக்கிற மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால், இறுக்கிப் பிடிக்கிற சி-கிளாம்ப் மாதிரி முறுக்குகிறான். அதன் முனையில் இருக்கிற ராட்செட் திருகை எவ்வளவு திருப்பினால் போதும் என்பதை விரல்தான் படிக்க வேண்டும், அது திரையில் வராது. இதற்கு இணையத்தை மட்டும் திட்டி என்ன பண்ண? காலேஜ் லேபில் ஒரு லேத்தைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று வேடிக்கை பார்த்தால் விரல் எங்கே படிக்கும்?

நாகமலை வாத்தியார்:
ரெக்கார்டுக்கு மார்க்கைக் குறைத்து வைவாவுக்கு ஏற்றலாம், எனக்கும் ஆசைதான். மூன்று மணி நேர லேப், அறுபது பேர், கணக்குப் போடுங்கள், ஆளுக்கு மூன்று நிமிடம். அதில் பெயர், ரெஜிஸ்டர் நம்பர், வயரிங் சரிபார்ப்பது எல்லாம் போக ஒரு கேள்விதான் கேட்க முடியும். அந்த ஒரு கேள்வியாக என்ன வரும் என்று சீனியர் வாட்ஸ்அப் குரூப்பில் முந்தின நாளே போட்டுவிடுகிறான், போதாதா?

உசிலம்பட்டியான்:
அப்படியென்றால் கேள்வியை மாற்றுங்கள் சார். குரூப்பில் போட்டவனாவது இதைத்தான் கேட்பார்கள் என்று கவனித்திருக்கிறான்.

கப்பலூர் மெஷின்ஷாப்:
சார், சனிக்கிழமை நாலு நாலு பேராக இங்கே அனுப்புங்கள், அளக்க நான் கற்றுத்தருகிறேன். ஒரே கண்டிஷன், போனை கேட்டில் கொடுத்துவிட்டு உள்ளே வர வேண்டும்.

உசிலம்பட்டியான்:
போனை எதுக்கு அண்ணே வாங்குறீங்க? கட்டிங் ஸ்பீடு சார்ட் அதில்தானே இருக்கிறது.

கப்பலூர் மெஷின்ஷாப்:
சுவத்தில் ஒட்டியிருக்கேன் தம்பி.